அறுபதுக்கு நாற்பது

பகலில் எனக்குப் பச்சை.
மார்ச் பதினேழுக்குள் டப்ளின் கடைகளில் தொங்க வேண்டிய பச்சை.
நெஞ்சில் மூவிலை அச்சிட்ட நாற்பதாயிரம் பனியன்.
லேப் டிப் ஐந்தாம் முறையும் திரும்பி வந்தது.
‘இன்னும் கொஞ்சம் புல் மாதிரி’ என்று எழுதியிருந்தார்கள்.
வீரபாண்டிப் பிரிவில் புல்லுக்கு எங்கே போவது?
சாயப்பட்டறைச் சின்னராசு,
“மழ பேஞ்ச நாலாம் நாத்து அருகம்புல்லாட்டமுங்களா?” என்றார்.
ஆமாங்க என்றேன். அதுதான் ஓகே ஆனது.

இரவில் அதே தேசத்தின் கிணறுகள்.
பகுதிநேர முனைவர் பட்டம், ஆறாவது வருடம்.
தலைப்பு நீளம். கல்லூரி எழுத்தர் அதை
‘அயர்லாந்துத் துணி’ என்று சுருக்கிப் பதிந்திருக்கிறார்.
தப்பில்லை.

எண்பது சொச்சம் வருடத்துக்கு முன்
பள்ளிப் பிள்ளைகள் ஊர்ச்சேதி கேட்டு எழுதிய நோட்டுகள்
என் திரையில் திறக்கின்றன.
பிரைடி என்ற பதினோரு வயதுக்காரி எழுதுகிறாள்:
கிணற்றை மூன்று சுற்று நட, வெயில் போகும் திக்கில்.
உடுத்த துணியில் ஒரு கிழிசல் கிழி.
நனைத்து, நோகும் இடத்தில் ஒற்று.
முள்மரத்தில் கட்டு. திரும்பிப் பார்க்காதே.
துணி மக்க மக்க
நோவு குறையும்.
சிந்திய மையை விரலால் துடைத்திருக்கிறாள்;
ரேகை தெரிகிறது.

பாதிரிமார் திட்டியிருக்கிறார்கள். பிஷப் தடை போட்டிருக்கிறார்.
சனம் தலையாட்டிவிட்டு ராத்திரியில் போயிருக்கிறது.
இந்த இடத்தில் எனக்கு அடிக்குறிப்பு தேவைப்படவில்லை.
நொய்யல் கரைக் கன்னிமார் கிணற்று ஊஞ்சமரத்தில்
பத்து வருடம் முன் நானும் கட்டினேன்
ஒரு தொட்டில். மஞ்சள் துணி, உள்ளே கூழாங்கல்.
ஆய்வேட்டில் அது இல்லை.
“ஒப்பிடாதே கோகிலவாணி,
ஒப்பிட்டால் ரெண்டு ஊரும் பொய்யாகிவிடும்”
என்பார் எஸ்தர் மேடம்.

விசா கிடைக்கவில்லை.
கிளேரில் ஓய்வுபெற்ற தபால்காரர் டெர்மட்தான் என் கண்.
‘நீங்கள் கேட்ட மரம். நேற்று மழை. ஷூ போச்சு.’
படம் பதினான்கு:
ஜெபமாலை, ஷூ லேஸ், ஆஸ்பத்திரிக் கைப்பட்டை,
முகக்கவசம் மூன்று,
நடுவில் ஒரு கைக்குழந்தைச் சட்டை.

பெரிதாக்கினேன்.
கழுத்தில் ஒன்றுக்கு ஒன்று ரிப்.
தோள் மடிப்பில், வெள்ளை நூல் தீர்ந்த வாரம்
நான் கையெழுத்துப் போட்டு அனுமதித்த தந்தநிற நூல்.
பிறந்தது முதல் மூன்று மாதம் வரை.
பருத்தி அறுபது, பாலியஸ்டர் நாற்பது.

யார் கட்டியது, அந்தப் பிள்ளைக்கு என்ன,
டெர்மட்டுக்குத் தெரியாது. அங்கே கேட்கிற வழக்கமில்லையாம்.
எனக்குத் தெரிந்தது தொழில் மட்டும்.
பருத்தி நாலைந்து மழைக்காலத்தில் போய்விடும்.
பாலியஸ்டர் போகாது.
வலையாக, கழுத்தும் கையும் அப்படியே இருக்க,
கட்டிய கை போன பிறகும் தொங்கும்.
கிலோவுக்கு முப்பத்தைந்து ரூபாய் மிச்சம் என்று
அந்தக் கலவையைச் சிபாரிசு செய்த மின்னஞ்சல்
பத்திரமாக இருக்கிறது.
அனுப்பியது நான்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார்:
“ஒரு கிணறாவது நேரில் பார்த்ததுண்டா?”
இல்லைங்க.
“பின்னே அந்த மக்களுக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?”
படம் பதினான்கு பின்னிணைப்பில் இருந்தது.
கீழே, ‘குழந்தை உடை, அண்மைக்காலம்.’
ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன்.
“ஏற்றுமதிங்க.”
அறை சிரித்தது. பட்டம் கொடுத்தார்கள்.

திரும்பும் பேருந்து அவினாசியில் நின்றபோதுதான்
அந்த மஞ்சள் துணி ஞாபகம் வந்தது.
எந்த நூலென்று பார்த்துக் கட்டவில்லை அன்றைக்கு.
அழுத வேகத்தில் கையில் சிக்கியது.

மரம் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர்.
போய்ப் பார்க்கலாம்.
பார்க்காதே என்றுதான்
எழுதியிருக்கிறாள் பிரைடி.