பேசாத எழுத்து

கிரிம்ஸ்பியில் வியாழன்தோறும் ஆறரை மணிக்கு
நூலக மாடியில் ஹீட்டர் இருமத் தொடங்கும்.
அதற்குப் பிறகுதான் நாங்கள்.

நான் க்ளைவ். குப்பை லாரி ஓட்டுகிறேன்.
இதே ஊரில் பிறந்தவன்,
இங்கிலீஷ் தவிர வேறு பாஷை கிடையாது.
அதையும் எழுத வராது என்பதை
நாற்பது வருடம் ஒரே பொய்யால் மூடிவைத்தேன்:
"கண்ணாடியை வீட்டிலேயே வச்சிட்டேன்."
என் பார்வையில் ஒரு கோளாறும் இல்லை.

பக்கத்து நாற்காலி யுர்கிதா.
லிதுவேனியாக்காரி, மீன் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
எழுத்துப்பிழை அவளை அண்டாது.
வாய் திறந்தால்தான் வம்பு.
கடனுக்கான சொல்லின் நடுவே
ஒரு 'பி' ஊமையாய் உட்கார்ந்திருக்கிறதே,
அதையும் விடாமல் உச்சரிப்பாள்.
"எழுதியிருக்கு. ஏன் சொல்லக் கூடாது?"
கடன் வாங்கினவன் வாயைத் திறக்க மாட்டான் என்றேன்.
வகுப்பே சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டாள்.

நவம்பரில் ஒரு படிவத்தோடு வந்தாள்.
இடது கையில் கட்டு. எழுதும் கை அது.
'என்ன நடந்தது' என்று கேட்டு
தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம்.
வலது கையால் கோணல்மாணலாக மூன்றே சொல்:
இயந்திரம். கை. விபத்து.
பிழை ஒன்றும் இல்லை. உயிரும் இல்லை.

பப்பில் நான் ஒரு கதை சொல்வேன்,
யாரோ வீசிய ஃப்ரிட்ஜுக்குள்
உயிரோடு முறைத்த வாத்து பற்றி.
இருபது நிமிடம். பீரின் நுரை அடங்கிவிடும்,
ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
எங்கே தொடங்குவது என்பதுதான்.

"கையிலிருந்து தொடங்காதே," என்றேன்.
"அங்கே விளக்கு எரிந்ததா?"
எரியவில்லை. மூன்று நாளாக.
யாரிடமாவது சொன்னாயா?
நீலிடம், மேற்பார்வையாளன்.
அவன்?
தோளைக் குலுக்கினான்.

அதை எழுது என்றேன்.
அவள் பேனாவை என் பக்கம் தள்ளினாள்.
"கண்ணாடியை..." என்று வாயெடுத்தேன்.
அவள் பார்த்த பார்வையில்
மீதியை விழுங்கினேன்.

எழுதினேன்.
மாடு கலப்பை இழுப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக.
கத்தி வந்தபோது 'என்'னில் தொடங்கினேன்.
"முன்னால் ஒரு 'கே'," என்றாள்.
அது பேசாதே?
"பேசாது. ஆனா நின்னு பார்த்துட்டிருக்கும்.
எங்க ஷிஃப்ட்டில் எல்லாரும் அப்படித்தான் நின்னாங்க."

அதையும் எழுதினேன்.
கட்டம் நிரம்பி, ஓரம் நிரம்பி,
தாளின் முதுகில் ஏறியது.
ஆசிரியை ஹிலரி
கையிலிருந்த தேநீரை ஆறவிட்டு நின்றிருந்தாள்.
ஒரு இடத்தில்கூடத் திருத்தவில்லை.
திருத்த நிறையவே இருந்தது.

பணம் வந்ததா என்று கேட்பீர்கள்.
ஒரு உறை வந்திருக்கிறது.
யுர்கிதா இன்னும் பிரிக்கவில்லை,
வியாழக்கிழமை வரட்டும் என்கிறாள்.

நேற்று விடிகாலை
என் லாரிக் கதவில் ஆறு வருடமாக ஒட்டியிருக்கும்
மஞ்சள் காகிதத்தைப் படித்தேன்.
நாலு நிமிடம் பிடித்தது.
பின்னால் எவனோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

'கதவை மெதுவாகச் சாத்தவும்.'

ஆறு வருடம்!

மெதுவாகச் சாத்தினேன்.