மூன்று வரிகளுக்குள்

தாழங்குடாவில் ஓங்கல் ஒதுங்கியிருக்கிறதென்று
விடிகாலை நாலே முக்காலுக்கு அழைப்பு.
முதுநகரில் ஐஸ் உடைத்து வாங்கிக்கொண்டு
பெண்ணையாற்று முகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள்
வெயில் முந்திக்கொண்டது.

இரண்டு மீட்டர் பதினொன்று. பெண்.
வாலடியில் நைலான் அறுத்த கோடு.
"என் வலை இல்ல மேடம்" என்கிறார் அஞ்சாப்புலி.
நான் கேட்கவே இல்லை.
வனத்துறை ஜீப் வரவேண்டிய பாதையையே
பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

உச்சந்தலையில் ஒற்றை மூக்கு. மூடியிருக்கிறது.
நம்மைப்போல் மறந்து மூச்சுவிடத் தெரியாத பிறவி.
தூங்கும்போதும் பாதி மூளை
எழுந்து உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும்.
வலைக்குள்ளும் அப்படித்தான்:
தண்ணீரை உள்ளே விடுவதில்லை என்று
கடைசிவரை இறுக்கிக்கொண்டது.

விலாவைத் திறக்கிறேன்.
அமலதாஸ் நேரம் சொல்லி, தானே குறித்துக்கொள்கிறான்.

நுரையீரல்.
ஆழத்தில் கடல் இதைத் துணிபோல் பிழிந்து சுருட்டும்.
மேலே வந்ததும் ஒட்டாமல் விரியும்.
ஒட்டாமல்.
அந்த ஒரு சொல்லுக்காகத்தான்
நாலு வருஷமாக இந்த நாற்றத்தில் நிற்கிறேன்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில்
இருபத்தொன்பதாம் வாரம் பிறந்தவனுக்கு
நெஞ்சுக்குள் அந்த வழவழப்பு இன்னும் ஊறியிருக்கவில்லை.
ஒவ்வொரு மூச்சும்
ஈரப் பாலிதீன் பையைப் பிரிப்பதுபோல.
குப்பியில் வந்தது மாட்டு நுரையீரலில் எடுத்த மருந்து.
"மாட்டுதும்மா, பரவாயில்லியா?" என்றாள் நர்ஸ்.
கருங்கல்லில் எடுத்தது என்றாலும்
கையெழுத்துப் போட்டிருப்பேன்.
பதினாறு இரவு கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே
பாதி மூளையோடு தூங்கினேன்.
அதுவரை எனக்கு இறால் நோய்தான் ஆராய்ச்சி.

நிதி விண்ணப்பத்தில் பதினேழாம் கேள்வி:
மனித நலனுக்கு இதனால் பயன் என்ன,
மூன்று வரிகளுக்குள் எழுதுக.
முதல் வரி, குறைமாதக் குழந்தைகள்.
இரண்டாவது, மூழ்கிப் பிழைத்தவர்களின் நெஞ்சு.
'உதவலாம்' என்பதுதான் உண்மை.
'உதவும்' என்று எழுதினால்தான் பணம் வரும்.
மூன்றாவது வரியில் ஒவ்வொரு வருஷமும்
பேனா நின்றுவிடுகிறது.

கையுறையோடு அடிவயிற்றை அழுத்திப் பார்க்கிறேன்.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.
விரலிடுக்கில் வெள்ளையாய், பசைபோல்
பால்.

குனிந்து பார்த்த அஞ்சாப்புலி சொல்கிறார்:
"அதான் குட்டி ராப்பூரா போட்டையே சுத்திச்சு."

சொன்ன பிறகுதான்
தான் சொன்னது அவருக்குக் கேட்கிறது.
அமலதாஸ் பேனாவை மூடித் திறக்கிறான்.
அலை ஒன்று வந்து செருப்பை நனைத்துவிட்டுப் போகிறது.

ஜீப் வந்தது.
வலை பற்றிய விவரம் என்ற கட்டத்தில்
'தெரியவில்லை' என்று எழுதினேன்.
இதற்குமுன் ஒரு படிவத்திலும் நான் பொய் எழுதியதில்லை,
'உதவும்' என்பதைத் தவிர.

ஐஸ் பெட்டியின் ஒரு காதை
கேட்காமலே அவர் பிடித்துக்கொண்டார்.
மணலில் பாதி தூரம் வந்ததும் கேட்டார்:
"அம்மாம் பெருசுல இவ்ளோதான் எடுத்தீங்களா?"

இவ்வளவுதான் என்றேன்.
முதுகுக்குப் பின்னால்
எதுவோ மேலே வந்து மூச்சுவிட்டது மாதிரி இருந்தது.
இரண்டு பேருமே
திரும்பிப் பார்க்கவில்லை.