கணக்குப் பிரிவுக்கு இணைக்கிறேன்

"தராஸா சர்வீஸ், வணக்கம்" என்பேன்
கொஞ்சம் மூக்கால்.
அது சைராகுல், கணக்குப் பிரிவு.
"எர்மெக் வெளியே போயிருக்கிறார்,
வந்ததும் அழைக்கச் சொல்கிறேன்."
எர்மெக் நான்தான்.
ஒத்மோக் கணவாயில், பஞ்சரான சக்கரத்துக்குப் பக்கத்தில்
பனியில் முட்டி போட்டு
ஜாக்கியைத் திருகிக்கொண்டிருக்கிறார்.
முதலாளி புருல்கான் மீட்டிங்கில் இருக்கிறார்.
அதுவும் இங்கேதான்,
இதே சக்கரத்தோடுதான்.

எடைக்கருவி சரிபார்ப்பது தொழில்.
தலாஸில் பீன்ஸ் கிடங்குகள்,
நாரினில் நிலக்கரி மண்டி,
கோச்கோரில் ஞாயிறு விடியுமுன் ஆட்டுச் சந்தை.
பின்சீட்டில் இருபது கிலோ எடைக்கட்டிகள் எட்டு,
கம்பளி சுற்றி, பெல்ட் மாட்டி,
பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மாதிரி.
வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம்
திரும்பி அவற்றைத்தான் பார்க்கிறேன்.
ஒரு சிராய்ப்பு போதும்,
இரும்பு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

நான் சொல்லும் பொய்க்குக் காரணம் இருக்கிறது.
தனி ஆள் என்று தெரிந்தால்
பாதி விலை கேட்பார்கள்.
தனிப் பெண் என்று தெரிந்தால்
தராசைப் பிரித்துப் போட்ட கையோடு
அவர்களுக்குத் தேநீரும் நானே ஊற்ற வேண்டும்.

ஓஷிலிருந்து ஒரு சிமென்ட் ஆலை அழைத்தது.
வருடம் முழுவதற்கும் வேலை.
அப்போது தூ-அஷூ சுரங்கத்துக்குள் இருந்தேன்,
முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி,
நடுவில் புகையும் நானும்.
வெளிச்சத்துக்கு வந்தபோது
தவறிய அழைப்புகள் மூன்று,
கூடவே ஒரு செய்தி:
வேறு ஆள் பார்த்துக்கொண்டோம்.
வண்டியை ஓரம் கட்டி நன்றி என்று பதில் போட்டேன்.
சைராகுல்தான் போட்டாள்.
எனக்கு அவ்வளவு மரியாதை வராது.

வரி ஆபீஸுக்கு மட்டும் உண்மை தெரியும்.
பணியாளர் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதுவேன்.
அவ்வளவு பெரிய கட்டம்.
அந்த ஒன்று
பஸ் போன பிறகு நிறுத்தத்தில் நிற்கிற ஆள் போல் இருக்கும்.

பிப்ரவரியில் கோச்கோரில் காய்ச்சல்.
விடுதி அறையில் இரண்டு போர்வை,
சார்ஜர் நாரினில் விட்டாயிற்று,
பேட்டரி பதினொரு சதவீதம்.
அதை வைத்து யாரை அழைப்பது?
தொக்தோசுனை அழைத்தேன்.
தலாஸ் கிடங்குக்காரர்,
பதினெட்டாயிரம் சோம், மூன்று மாதப் பாக்கி.
"சைராகுல் பேசுகிறேன்" என்றேன், இருமினேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
பீன்ஸ் கொட்டும் சத்தம் மட்டும்.
"உன் முதலாளிக்கும் போன வாரம்
இதே இருமல்தானே?"
"ஆபீஸில் எல்லோருக்கும் பரவிவிட்டது."
"எர்மெக்குக்கும்?"
"அவருக்குத்தான் அதிகம்."
"ஆபீஸ் ரொம்பச் சின்னதோ?"
நான் பதில் சொல்லவில்லை.
"சரி. முதலாளியிடம் சொல்,
அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் லீவு கொடுக்கட்டும்.
வெள்ளிக்கிழமை பணம் போட்டுவிடுகிறேன்."
ஏழு சதவீதம்.

லீவு கொடுத்தேன்.
நால்வரும் மதியம்வரை தூங்கினோம்.
(நான்காவது ஆள் டிரைவர்.
அவருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.)

எழுந்து அடுக்களைக்குப் போனால்
விடுதிக்கார பாத்மா மாவு நிறுத்துக்கொண்டிருந்தாள்.
கை சும்மா இருக்குமா,
ஒரு கிலோக் கட்டியை வைத்துப் பார்த்தேன்.
நாற்பது கிராம் கூடக் காட்டியது.
"அதனால்தான் ரொட்டி ஒட்டிக்கொண்டே வருகிறதா,
அடுப்பையல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்" என்றாள்.
ஒரு திருகு, அரைச்சுற்று, முடிந்தது.
பில் போடவில்லை.
யார் குரலிலும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
சூப்பில் இன்னொரு எலும்பு போட்டாள்.

வெள்ளிக்கிழமை.
சந்தைக்குப் பின்னால் வாங்கிய புது சார்ஜர்,
முழு சிக்னல்,
மாலை ஐந்து மணி.
பணம் வரவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு
சைராகுலை எழுப்பினேன்.