இரங்கும்

நான்கு மணி அலாரம் அடிக்கும் முன்பே
சான்த்ரா விழித்து அதை அணைத்துவிடுகிறாள்.
இலோமன்ட்சியில் வெளியே மைனஸ் இருபத்தேழு.
காபி இயந்திரம் இருமுகிறது.
சமையலறை மூலையில், பலகையில் தீட்டிய
கிறிஸ்துவின் முகத்துக்கு எதிரே
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள்.
இருபது நிமிடம்.
ஒரே ஒரு சொல்.

ஜெபக்கயிறு கோயில் சந்தையில் வாங்கியது,
கம்பளிக் காலுறைகளுக்கும் லிங்கன்பெர்ரி ஜாமுக்கும் நடுவே.
எட்டு யூரோ, நூறு முடிச்சு.
முதல் குளிர்காலத்திலேயே டீசல் வாடை ஏறிவிட்டது.

முதல் முடிச்சு: இரங்கும்.
இரண்டாவது: இரங்கும்.
மூன்றாவதில் மின்கட்டண ரசீது.
நான்காவதில் லாரியின் இடது முன்சக்கரத்தில் அந்தச் சத்தம்.
ஐந்திலிருந்து பதினெட்டு வரை
இரின்யா.

அக்கா இரின்யா. ஏரிக்கரை வீட்டைக்
கேட்காமல் விற்றவள்,
சவுனா அடுப்பும் படகும்
படகில் கிடந்த தூண்டில்களும் சேர்த்து.
நாலு வருஷமாகப் பேச்சில்லை.
தியானத்துக்கு மட்டும் தவறாமல் வருகிறாள்.

எண்ணம் வந்தால் மல்லுக்கட்டாதே,
சொல்லுக்குத் திரும்பி வா,
அவ்வளவுதான் என்கிறார்கள் புதன்கிழமைக் குழுவில்.
சான்த்ராவுக்குச் சிரிப்பு வந்தது.
இருபத்தொரு வருஷமாகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாள்.
போகும்போது வழித்துவிட்ட சாலை
வரும்போது மறுபடி வெள்ளை.
அதை யாரும் தோல்வி என்று சொன்னதில்லை.
சம்பளம்கூடத் தருகிறார்கள்.

தவக்காலத்தின் மூன்றாம் வாரம்,
காட்டுச் சாலை வளைவில்
யாரோ மோதிவிட்டுப் போன மூஸ் மான்.
பின்னங்கால்கள் அதனுடையவை போலவே இல்லை.
போன் செய்தாள்.
வேட்டைக்காரர் ஒருவரை அனுப்புகிறோம், நாற்பது நிமிடமாகும் என்றார்கள்.

விளக்கை அணைத்தால் வேறு வண்டி மோதும்;
அணைக்காவிட்டால் அதன் கண்ணில் அடிக்கிறது.
கோட்டைக் கழற்றிப் பாதி விளக்கை மூடினாள்.
இறங்கி, தொடாத தூரத்தில்
குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.
கயிறு வண்டியிலேயே, கியர் கம்பியில் தொங்கியது.
சொல் வரவில்லை.
வரவழைக்கவும் தோன்றவில்லை.
அதன் மூச்சு ஆவியாக எழுந்தது, இவளுடையதும்.
மேலே போய் எங்கேயோ
எது எதுவென்று தெரியாமல் போயின.
இரின்யா வரவில்லை.
ரசீது வரவில்லை.

வேட்டைக்காரர் ஃபெயோதர் துப்பாக்கியோடு வந்தபோது
துப்பாக்கிக்கு வேலை இருக்கவில்லை.
உனக்கு உதடு நீலமாகிவிட்டது என்றார், கோட்டை எடுத்துக் கொடுத்து.

திரும்பும் வழியில், பதினோராவது கிலோமீட்டரில்,
கை தானாகக் கயிற்றைப் பிடித்தது.
என்மேல் என்று தொடங்க வேண்டிய இடத்தில்
வாய் வேறொன்றைச் சொன்னது.

அவள் மொழியில் ஒரே ஒரு 'நாம்'.
அதைத் தமிழில் எழுதும் எனக்குத்தான் தடுமாற்றம்.
கடவுளிடம் பேசுகையில் 'எங்கள்மேல்' என்றுதான் வர வேண்டும்,
கேட்பவரை வெளியே நிறுத்தி.
அதுதான் இலக்கணம். மரியாதையும் அதுதான்.
ஆனால் அந்தச் சாலையோரம் பனியில் விழுந்து
மூச்சுக்குத் திணறியது யார் யார் என்று
எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.
'நம்மேல்' என்று எழுதினேன்.
அடித்தேன்.
அடித்தது தெரியும்படி விட்டிருக்கிறேன்.

மறுநாள் நான்கு மணி.
நாற்காலி, முகம், கயிறு.
ஒன்பதாவது முடிச்சில் இரின்யா வந்தாள்,
காலணியைக்கூடக் கழற்றாமல், தூண்டிலோடு.
சான்த்ரா அவளை அனுப்பவில்லை, பேசவுமில்லை.
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.
பத்து.
பதினொன்று.
சன்னலில் பனி பெய்யத் தொடங்கிவிட்டது,
ஐந்தரைக்குள் லாரியை எடுக்க வேண்டும்.