இன்னும் ரெண்டு

காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால்
மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை.
கதவு திறந்ததும் முதலில் வந்தது நாய்,
பிறகு மீன் வறுக்கும் வாசம்,
அதற்கும் பிறகுதான் கிளிஃபர்ட் ரெபெல்லோ.

சோபாவில் கிடந்தது பேஸ் கிட்டார்,
ஊசி போட வந்தவரிடம்
குழந்தையைக் காட்டுவதுபோலக் குப்புற.

எனக்குத் தொழில் பழைய கார் பார்ப்பது.
ஒரு நாளைக்கு ஏழு வண்டி.
கதவிடுக்கில் விரலை விட்டே சொல்லிவிடுவேன்
எது அடிபட்டது, எது வெள்ளத்தில் நின்றது,
எந்த மீட்டர் பின்னோக்கி ஓடியதென்று.
அதனால் அவசரப்படவில்லை.

"எழுபத்தெட்டு. ஜப்பான். ஒரிஜினல்" என்றார்.
நெக்கைக் கழற்றலாமா என்றேன்.
முகம் சுருங்கியது, ஆனாலும் ஸ்க்ரூடிரைவர் தந்தார்.
நாலு ஸ்க்ரூ. அடியில் பென்சிலில் 78.
அது உட்கார்ந்திருந்த குழியில்
வேறொரு கையெழுத்து: 80, மார்ச்.
"ரெண்டும் பழசுதானே" என்றார் கிளிஃபர்ட்.
மறுக்க முடியவில்லை.

ஒரு கண்ணை மூடி
நெக்கை நீளவாக்கில் பார்த்தேன்.
மெல்லிய வளைவு, இருக்கவேண்டிய அளவுதான்.
முதல் ஐந்து ஃப்ரெட்டிலும் பள்ளம்,
மாடிப்படியில் நடு மட்டும் தேய்ந்திருக்குமே, அப்படி.
பன்னிரண்டுக்கு மேல் யாரும் ஏறியதாகத் தெரியவில்லை.
வால்யூம் குமிழைத் திருப்பினால் அப்பளம் நொறுங்கியது.
முன்கை உரசி உரசி
வண்ணம் போய் வெறும் மரம் தெரிந்தது ஓரிடத்தில்.
தொட்டால் வழவழவென்றிருந்தது.

ஆம்ப்பில் செருகினேன்.
ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நாய் எழுந்து உள்ளே போக
உள்ளேயிருந்து கரண்டியோடு லவினா வந்தார்.
"மெல்லிசுக் கம்பில அஞ்சாவது ஃப்ரெட்டு,
அங்க மட்டும் நோட்டு நிக்காது. சொன்னாரா?"

சொல்லவில்லை.

அழுத்தினேன்.
மற்றதெல்லாம் வாசல்வரை வந்து
செருப்பு மாட்டிக்கொண்டும் பேசுகிற விருந்தாளிகள்.
இது மட்டும்
ராங் நம்பர் என்று தெரிந்ததும் வைத்துவிட்டது.

"பதினோரு வருஷம்
செவுத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேட்டிருக்கேன்.
அது வர்றப்போ மிச்சத்த நானே வாயால இழுத்து முடிப்பேன்."

கிளிஃபர்ட் மின்விசிறியைப் பார்த்தார்.
அதற்கு ஐயாயிரம் இறங்கியது.
பென்சில் தேதிக்கு மூன்று. அப்பளத்துக்கு ஐநூறு.
வண்ணம் போன இடத்தைக் காட்டியதும்
"அதுக்குக் கொறைக்க மாட்டேன்,
அது நான் வாசிச்சது" என்றார்.
முப்பத்தோராயிரம்.
போன் சிணுங்கிப் பணம் போனது.
ஒரு துண்டு மீன் சாப்பிட்டுத்தான் போகணும் என்றார்கள்.
நல்ல மீன்.

அல்சூர் மெட்ரோவில்
ஸ்கேனர் பெல்ட்டில் படுக்க வைத்தேன்.
திரைக்கு முன்னிருந்தவள் பெல்ட்டை நிறுத்தி
விரலால் கூப்பிட்டாள். "ஏனு இது?"

பச்சையும் ஆரஞ்சுமாக என் பேஸ்.
நெக்குக்குள் நீள ஓடும் இரும்புத் தண்டு,
வரிசையாய் எட்டுக் காந்தம்,
நான் கழற்றிப் பூட்டிய நாலு ஸ்க்ரூ.
அப்புறம், தலை கழுத்தோடு சேரும் இடத்தில்,
குறுக்காக,
நகமும் டார்ச்சும் வைத்து நான் தேடிய அதே இடத்தில்
இன்னும் ரெண்டு.

எப்போதோ ஒடிந்திருக்கிறது.
ஒட்டி, முறுக்கி, வண்ணம் பூசி,
அந்தப் புது வண்ணத்தையும் பொறுமையாகத் தேய்த்துப்
பழசாக்கியிருக்கிறான் ஒருவன்.
நம்ம ஷெட்டில் வேலை போட்டுக் கொடுக்கலாம் அவனுக்கு.
கிளிஃபர்ட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம்.
லவினாவுக்கு?

"ரிப்பேரி மேடம்" என்றேன்.
போ என்று தலையசைத்தாள்.

இந்திராநகர் வரைக்கும் கோபம்.
அதற்கப்புறம் கணக்கு:
நாலு தடிக் கம்பி ராப்பகலாய் இழுத்தும்
மயிரிழை அசையாத ஸ்க்ரூ
நல்ல ஸ்க்ரூவா, கெட்ட ஸ்க்ரூவா?
உறைக்கு மேலேயே விரல் வைத்துப் பார்த்தேன்.
இப்போதும் தட்டுப்படவில்லை.

பையப்பனஹள்ளியில் இறங்கும்போது
ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது.
என்னிடமிருந்து இதை வாங்க வருகிறவன்
பைக்கில் வரட்டும்.