மூன்றாம் மடிப்பு

சகாதா நகர வங்கிக்கு
நான்கு பருவமும் கேட்டிருந்தார்கள், ஒரே மடிப்புத்திரையில்.
மிசாவோ மூன்றாம் மடிப்பில்
அறுத்த வயலும் ஒரு மின்கம்பமும் வைத்தாள்.

"கம்பம் வேண்டாமே," என்றார் மேலாளர் தொகாஷி.
"பருவத்துக்கு ஏது கம்பம்?"

அவள் வாதாடவில்லை.
சிப்பிச் சுண்ணத்தைப் பசையில் குழைத்துக்
கம்பத்தின்மேல் பூசினாள்.
வெள்ளை பூசிய இடத்தோடு நிற்கவில்லை;
வரப்புக்குக் கொஞ்சம், வைக்கோல்போருக்குக் கொஞ்சம்.
அந்த வருடம் இலையுதிர்காலத்திலேயே பனி விழுந்துவிட்டது.

அதன் கீழே உட்கார்ந்துதான்
முப்பது வருடம் சில்லறை எண்ணினேன்.
கணப்பு மூட்டும் மாதங்களில் சுண்ணம் வெடிக்கும்,
பொடி உதிரும் லெட்ஜரின்மேல்.

போன செவ்வாய்
கம்பி ஒரு விரற்கடை தெரிந்தது.
அதைப் பற்றியபடி
இரண்டு காக்கைக் கால்கள்.
மீதிக் காக்கை
இன்னும் பனிக்குள்.