பதினாறாவது மெட்டு

வெள்ளிக்கிழமை. செம்பனை லாரிகள்
பஹாவ் சாலையில் வரிசை பிடிக்கும் நேரம்.
ஹில்மி வந்தான், மில்லில் எடைமேடைக் குமாஸ்தா.
பிளாஸ்டிக் உறைக்குள்
ஒரு நகலின் நகல்.

ஆறு கோடுகள்.
கோடுகளில் ஏ, பி, டி என்று சில்லறை எழுத்துகள்.
மேலே கொடிக்கம்பங்கள்,
சிலதுக்கு ஒற்றைக் கொடி, சிலதுக்கு இரட்டை.
"என்ன இது, பஸ் அட்டவணையா?"

நானூறு வருசத்துக்கு முன்
ஐரோப்பாவில் யாரோ எழுதியதாம்.
லூட் என்று ஒரு வாத்தியம்,
காம்புசுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றான் மலாயில்.
இவனுடைய காம்புஸ் பலாமரத்தில் குடைந்தது.
அதற்கு மெட்டு கிடையாது.
தூண்டில் நரம்பைக் கழுத்தில் சுற்றி
எட்டு மெட்டு கட்டியிருக்கிறான்.

"சுரம் இதில் இல்லை அக்கா.
விரல் நிற்கும் இடம் மட்டும்.
ஏ என்றால் விரலே வேண்டாம், நரம்பைச் சும்மா விடு.
பி முதல் மெட்டு."

என்ன கேட்கும் என்று சொல்லாமல்
எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்வது.
பெரட்டில் நின்ற குடும்பம் எங்களுடையது,
விளங்காமலா போகும்.

இருபது பிரதி எதற்கு?
"என் கையில் எப்போதும் எண்ணெய்."

இரவு கணினியில் கோடு போட்டேன்.
கோட்டின் மேலேயே எழுத்தை வைத்தால்
அடித்துவிட்ட கடன் கணக்கு மாதிரி இருந்தது.
ஒரு மயிரிழை தூக்கினேன்.
இப்போது கம்பியில் உட்கார்ந்த குருவிகள்;
அதுவும் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.
மங்கலாக, வளைந்து, வால் தூக்கிய எழுத்து
பக்கம் முழுக்க நாற்பத்து மூன்று இடத்தில்.
ஆர் என்று தெளிவாக அடித்தேன்.
இருபது தாள். நல்ல தாள், நூற்றியிருபது கிராம்.

மறுநாள் வாங்கிப் பார்த்து
விரலை மடக்கி எண்ணினான். ஏ, பி, சி...
பதினாறாவது மெட்டு வந்ததும் சிரித்துவிட்டான்.
"அக்கா, ஆர் வாசிக்க
என் கை கோலப் பிலாவுக்குப் போகணும்."

அது சி-யாம்.
ஈ என்று யாரும் அவசரத்தில் படித்துவிடக் கூடாதே என்று
எழுதினவன் வாலை வளைத்துவிட்டானாம்.

எனக்கு அந்த ஆள்மேல் கோபமே வரவில்லை.
கையெழுத்தில் காலும் ரகரமும் ஒன்றாகி
பரத வகுப்பைப் பாத வகுப்பு என்று
முந்நூறு நோட்டீஸ் அடித்தவள் நான்.
வந்தவர்களில் இரண்டு பேருக்குக் குதிகால் வலி.

திருத்தி அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.
காம்புசை வண்டியிலிருந்து எடுத்து வந்து
தாளை ரிசோ இயந்திரத்தில் சாய்த்து வைத்து,
தாள் நறுக்கும் பலகைமேல் உட்கார்ந்தான்.

கொடிகளைக் காட்டிக் கேட்டேன்.
அடுத்ததை எப்போது தொடங்க வேண்டும் என்பதற்காம்.
முந்தினதை எப்போது விடுவது?
"அது எழுதவில்லை" என்றான்.
"முடிந்தவரைக்கும் விரலை எடுக்கக் கூடாது."

சனிக்கிழமை.
என் வீட்டுக்காரர் ஜோகூரில் பஸ் ஏறியிருப்பார்.
பத்து ஐம்பதுக்கு வருவார்,
அதுவரைதான் தெரியும்.

இயந்திரத்தை நிறுத்தினேன்.
மெதுவாக, தப்பித் தப்பி வாசித்தான்.
ஒரு லாரி கடையைக் குலுக்கிப் போயிற்று.
போன பிறகும் அடி நரம்பு
ஒலித்துக்கொண்டே இருந்தது,
மற்ற விரல்கள் மேலே வேறு வேலையில் இருக்க,
சுண்டுவிரல் மட்டும் விடாமல்.

தப்பான இருபது தாளையும் வீணாக்கவில்லை.
நறுக்கி, பின்பக்கத்தில் பில் எழுதுகிறேன்.
பால் கடைக்காரர், கோயில் செயலாளர்,
டயர் கடை அமோய்.
யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.
எந்தக் கழுத்துக்கும் எட்டாத ஒரு மெட்டு
சட்டைப்பையில் நாலாக மடிந்து
துவைக்கப் போகிறது.